விலை போட்ட பொருளுக்குத் தரகு

ஏப்ரல் மாதக் கடைசியில் மூன்று நாட்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விசித்திரமான நிகழ்ச்சி ஓடும். புதுச் சூட் போட்ட, இருபத்தொன்று இருபத்திரண்டு வயதுப் பையன்கள் குடும்பத்தோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் ஒரு பெயர் வாசிக்கப்படும். பையன் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவான். யாரோ ஒரு தொப்பியைக் கொடுப்பார்கள், மாட்டிக்கொண்டு மேடையேறுவான். என்எஃப்எல் டிராஃப்ட். (இந்தக் கட்டுரை முழுக்க ஃபுட்பால் என்று நான் சொல்வது அமெரிக்கர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தை. காலால் ஆடுவதன் ரசிகர்கள் மன்னிக்கவும்.) அந்த மேசையில் அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில், கேமராவில் பாதி முகம் மட்டும் தெரிகிற மாதிரி இன்னொருவர் இருப்பார். அவர்தான் ஏஜெண்ட். எனக்கு அவரிடம் ஒரு வழக்கு இருக்கிறது.

வழக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையனின் முதல் ஒப்பந்தத்துக்கு, அதாவது ரூக்கி ஒப்பந்தத்துக்கு, ஏஜெண்ட் சதவீதக் கணக்கில் கமிஷன் வாங்கக்கூடாது. அந்த ஒப்பந்தத்தின் விலையை அவர் பேசவில்லை. அதைவிட முக்கியம், அந்த ஒப்பந்தத்தில் பேச மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச விஷயங்களில் அவருடைய லாபமும் பையனுடைய லாபமும் ஒரே பக்கம் இருப்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

"விலையைப் பேசவில்லையா? பின்னே எதுக்கு ஏஜெண்ட்?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டிராஃப்டில் பையனுக்குத் தேர்வு கிடையாது. 32 அணிகள் வரிசையாக, ஏழு சுற்றுகளில், ஆட்களை எடுத்துக்கொள்ளும். எடுத்த அணியோடு மட்டும்தான் பேச முடியும். ஆனாலும் ஒரு காலத்தில் சம்பளத்தைப் பேசலாம் என்று இருந்தது. 2010இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி கியாரண்டி. அடுத்த வருடம், 2011இல், முதலாளிகளும் வீரர் சங்கமும் சேர்ந்து புது ஒப்பந்தம் போட்டார்கள். ரூக்கி சம்பளத்துக்கு அட்டவணை வந்தது. அந்த வருடம் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு நாலு வருடத்துக்கு 2.2 கோடி. அதே நாற்காலி, ஒரே ஒரு வருட வித்தியாசம்.

மிச்சமான பணம் மூத்த வீரர்களுக்குப் போகும் என்பதுதான் அன்றைக்குச் சொன்ன நியாயம். மூத்தவர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு இருந்தது. அடுத்த வருடம் டிராஃப்டுக்கு வரப்போகிற பையன் அப்போது கல்லூரியில் இருந்தான். அவனுக்கு ஓட்டு இல்லை, அந்த அறையில் ஒரு நாற்காலிகூட இல்லை. அவனுடைய சட்டைப்பையிலிருந்து எடுத்துத்தான் சமாதானம் பேசி முடித்தார்கள். போதாததுக்கு இன்னொரு விதி: டிராஃப்டில் வந்தவன் மூன்று சீசன் முடியும்வரை ஒப்பந்தத்தைத் திருத்தக் கேட்கவே முடியாது. பிராக் பர்டி 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262ஆவது. இரண்டாம் வருடமே சான் ஃபிரான்சிஸ்கோவை சூப்பர் பௌலுக்குக் கூட்டிப்போனார். அந்த சீசனில் அவருடைய சம்பளம் 8.7 லட்சம் டாலர். குவார்ட்டர்பேக் உலகத்தில் அது சில்லறை.

இன்றைக்கு ஒரு பையன் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டான் என்று தெரிந்தால், அவன் சம்பளம் எவ்வளவு என்பதை நானே உட்கார்ந்த இடத்தில் கிட்டத்தட்டச் சொல்லிவிடுவேன். ஆனால் சதவீதக் கமிஷன் மட்டும் ஒழியவில்லை. சங்கத்தின் விதிப்படி உச்ச வரம்பு 3 சதவீதம். 2016 முதல் அச்சிட்ட படிவத்தில் 1.5 என்று இருக்கிறது, ஆனால் 3 வரை மாற்றி எழுதிக்கொள்ளலாம். 2.2 கோடியில் 3 சதவீதம் என்றால் 6.6 லட்சம் டாலர். பாதி வாங்கினாலும் 3.3 லட்சம். எம்ஆர்பி அச்சடித்த பொருளை வாங்கிக் கொடுத்ததற்குத் தரகு.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று நானே யோசித்ததுண்டு. அமெரிக்கா வந்த புதிதில் ஒரு கன்சல்டிங் கம்பெனி வழியாக வேலை பார்த்தேன். கிளையண்ட் என்னுடைய ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறான் என்று கேட்டால், "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல் தம்பி" என்பார் மேனேஜர். இரண்டு வருடம் என் உழைப்பின் விலை எனக்கே ரகசியம். அந்தக் கடுப்பு இதில் கலந்திருக்கலாம். இருக்கட்டும்.

நல முரண் என்று சொன்னதும் நமக்கு ஒரு வில்லன் முகம் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட வில்லன்கள் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறார்கள். ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக வைக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் அந்தத் தீர்ப்பைத் திரைக்கதை மாதிரிதான் படித்தேன்.

பில்லி சிம்ஸ், 1980 டிராஃப்டின் முதல் ஆள், டெட்ராய்ட் லயன்ஸின் ரன்னிங் பேக். அவருடைய ஏஜெண்ட் ஜெர்ரி ஆர்கோவிட்ஸ், பல் டாக்டராக இருந்து ஏஜெண்ட் ஆனவர். 1983இல் சிம்ஸின் அடுத்த ஒப்பந்தத்துக்காக லயன்ஸோடு பேச்சு நடக்கிறது. அதே சமயத்தில் யுஎஸ்எஃப்எல் என்ற போட்டி லீகில் ஹூஸ்டன் கேம்ப்ளர்ஸ் என்றொரு புது அணி முளைக்கிறது. அந்த அணியின் முதலாளிகளில் ஒருவர், அதன் தலைவர், யார்? நம்ம பல் டாக்டர்தான். ஜூன் கடைசியில் லயன்ஸோடு பேச்சு கிட்டத்தட்ட முடிகிற கட்டம். ஆனால் சிம்ஸிடம் ஆர்கோவிட்ஸ் சொன்னது வேறு: லயன்ஸுக்கு உன்மேல் அக்கறையில்லை. சிம்ஸ் ஹூஸ்டனுக்கு வரவழைக்கப்படுகிறார். ஐந்து வருடத்துக்கு 35 லட்சம் டாலர் என்று கேம்ப்ளர்ஸ் சொல்கிறது. சிம்ஸுக்காகப் பேச உட்கார்ந்தவர் ஆர்கோவிட்ஸின் ஏஜென்சிக் கூட்டாளி. எதிர்ப்பக்கம் ஆர்கோவிட்ஸின் அணிக் கூட்டாளி. ஜூலை 1ஆம் தேதி கையெழுத்து. நம்மூர் வீட்டு புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார், தெரியும். ஆனால் அவர்கூட வீட்டு ஓனராகவும் இருக்க மாட்டார்.

இதில் என்னை உலுக்கியது ஒரு சின்ன விவரம். ஆர்கோவிட்ஸுக்கு அந்த அணியில் பங்கு இருப்பது சிம்ஸுக்குத் தெரியும். அது ரகசியமே இல்லை, ஊருக்கே தெரியும். தெரியாதது என்னவென்றால், அந்தப் பங்கு 29 சதவீதம் என்பதும், தலைவர் என்ற முறையில் வருடம் 2.75 லட்சம் டாலர் சம்பளம் என்பதும், அணிக்கு வரும் பணத்தில் இன்னொரு 5 சதவீதம் உண்டு என்பதும். கடைசியில், தன்மேல் சிம்ஸ் வழக்குப் போடமாட்டார் என்று ஒரு காகிதம் தயாரித்து, தனி வக்கீலைப் பாருங்கள் என்று உருப்படியாகச் சொல்லாமலேயே, அதிலும் கையெழுத்து வாங்கிவைத்தார். 1984இல் டெட்ராய்ட் ஃபெடரல் நீதிமன்றம் கேம்ப்ளர்ஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. "உனக்குத் தெரியும்தானே" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. சிம்ஸ் டெட்ராய்ட்டிலேயே தங்கினார். அதே வருடம் அக்டோபரில் முழங்கால் போனது. அதன்பிறகு ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை.

ஆர்கோவிட்ஸ் மாதிரி ஆட்கள் இன்று சிரமம், ஏஜெண்ட் அணியில் பங்கு வைத்திருக்கத் தடை இருக்கிறது. ஆனால் எனக்குப் பயம் வில்லன் இல்லாத கதைகளில்தான். ஒரு பெரிய ஏஜென்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒரே அணியில் நாலு மூத்த வீரர்கள், ஒரு ரூக்கி. அணிக்கு மொத்தச் சம்பள உச்சவரம்பு ஒன்றே ஒன்றுதான். ரூக்கிக்காக ஒரு வரியைக் கேட்டுப் பிடிவாதம் பிடித்தால், அடுத்த மாதம் அதே ஜெனரல் மேனேஜர் முன்னால் ஐந்து கோடி டாலர் வீரருக்காக உட்கார வேண்டும். எந்தப் பேச்சில் ஏஜெண்டுக்குக் கமிஷன் அதிகம்? குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு, அது இன்னும் சுவாரசியம். ரூக்கி ஒப்பந்தத்தில் இன்று சண்டை போட மிஞ்சியவை மூன்று நாலுதான்: சைனிங் போனஸ் எப்போது கைக்கு வரும், எதைச் செய்தால் கியாரண்டி செல்லாமல் போகும், ஆஃப்செட். ஆஃப்செட் என்றால், அணி உன்னை வெளியே அனுப்பி நீ வேறு அணியில் சேர்ந்தால், அங்கே வாங்கும் சம்பளத்தைப் பழைய அணி தன் பாக்கியிலிருந்து கழித்துக்கொள்வது. 2016இல் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்ட ஜோயி போசா இதற்காகவும் போனஸ் தேதிக்காகவும் ஆகஸ்ட் கடைசிவரை சான் டியேகோ சார்ஜர்ஸில் கையெழுத்துப் போடாமல் இருந்தார். பயிற்சி முகாம் முழுக்கப் போச்சு. சேர்ந்த பிறகு தொடையில் காயம், முதல் நாலு ஆட்டம் போச்சு. கடைசியில் போனஸ் பணம் சீக்கிரம் வந்தது, ஆஃப்செட் அப்படியே நின்றது.

யோசித்துப் பாருங்கள். மூன்றாவது ஆளாக எடுத்த ஒருவனை நாலு வருடத்துக்குள் துரத்துவது அபூர்வம். ஆஃப்செட் வரி போசாவுக்குப் பயன்படும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் "நாங்கள் ஆஃப்செட்டை உடைத்தோம்" என்று அடுத்த வருடம் கல்லூரிப் பையன்களின் வரவேற்பறையில் உட்கார்ந்து சொல்ல முடிந்தால், அது ஏஜென்சிக்குத் தங்கம். ஏஜெண்ட் அப்படிக் கணக்குப் போட்டார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. போசாவே விரும்பிச் சண்டை போட்டிருக்கலாம். அந்த வருடமே சிறந்த தற்காப்பு ரூக்கி விருதும் வாங்கினார், நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை. நான் சொல்வது, ஏஜெண்ட் விட்டுக்கொடுத்தாலும் சந்தேகம், சண்டை போட்டாலும் சந்தேகம். எந்த முடிவு பையனுக்காக எடுத்தது, எது அடுத்த வருடப் பையனுக்கான விளம்பரம் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே இருக்கும் பையனுக்கும் தெரியாது. நல முரண் என்பது இதுதான். திருட்டாக இருந்தால் போலீஸிடம் போகலாம்.

இதற்கு ஒரு நல்ல பதில் உண்டு, அதை மறைப்பது நேர்மையில்லை. தொழிலாளி உரிமை எல்லாமே முன்னுதாரணத்தால்தான் வந்தது, யாராவது ஒருவர் முதலில் நின்றால்தான் பின்னால் வருபவருக்குக் கிடைக்கும் என்பது அந்தப் பதில். சரிதான். 2018இல் எட்டாவது ஆளான ரோக்வான் ஸ்மித் சிகாகோ பேர்ஸில் 29 நாள் முகாமுக்கு வரவில்லை. தலையால் முட்டினால் தண்டனை என்று புது விதி வந்திருந்தது, அதைக் காட்டி கியாரண்டியைப் பிடுங்கிவிடக்கூடாது என்பது சண்டை. நியாயமான சண்டை. 2025இல் இன்னும் பெரியது நடந்தது. இரண்டாம் சுற்றில் வந்த ஜேடன் ஹிக்கின்ஸுக்கு ஹூஸ்டன் முழுக் கியாரண்டி கொடுத்தது. இரண்டாம் சுற்றில் அதற்குமுன் யாருக்கும் கிடைக்காத விஷயம். கிளீவ்லாண்ட் இன்னொருவருக்குக் கொடுத்தது. மிச்சமிருந்த முப்பது பேரும் ஜூலை பாதிவரை கையெழுத்துப் போடவில்லை. டைலர் ஷக்குக்கு நியூ ஆர்லியன்ஸ் முழுக் கியாரண்டி கொடுத்த பிறகுதான் மற்றவை அசைந்தன. அந்த மாதத்தில் ஏஜெண்டுகளுக்கு நான் கைதட்டினேன், உண்மையாகவே.

ஆனால் கவனியுங்கள், முப்பது பேர் சேர்ந்து நின்றால் அதற்குப் பெயர் வேலைநிறுத்தம். அது சங்கம் செய்ய வேண்டிய வேலை. சங்கத்துக்கு இந்தப் பையன்களின் சந்தா வேண்டும், சண்டை வேண்டாம். ஏஜெண்டுகளுக்கு லைசென்ஸ் கொடுப்பதும் கண்காணிப்பதும் இதே சங்கம்தான். அதன் தலைவராகப் பல காலம் இருந்த ஜீன் அப்ஷாவின் சொந்தச் சம்பளத்தைப் பேசியவர் டாம் காண்டன், லீகின் மிகப் பெரிய ஏஜெண்டுகளில் ஒருவர். கண்காணிக்கிறவருக்கே ஏஜெண்ட்! 2025 ஜூலையில் சங்கத் தலைவர் லாய்ட் ஹவல் பதவி விலகினார். அணிகளில் பங்கு வாங்க லீக் அனுமதித்திருந்த கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு அவர் பகுதி நேர ஆலோசகராக இருந்தது வெளியே வந்த கொஞ்ச நாளில். மேலே இப்படி இருந்தால் கீழே யாரைக் கேட்பது?

ஏஜெண்ட் தரப்பில் இன்னொரு வாதமும் சொல்வார்கள்: "டிராஃப்டுக்கு முன்னால் பையனைத் தயார் செய்ய நாங்கள்தானே செலவழிக்கிறோம்? பயிற்சியாளர், தங்குமிடம், சாப்பாடு. ஐந்தாம் சுற்றுப் பையனிடம் 3 சதவீதம் வாங்கினாலும் போட்ட காசு வராது." இது உண்மை. ஆனால் இந்த வாதம் அவர்களுக்கே எதிராகத் திரும்பும். முதல் ஒப்பந்தத்தில் நஷ்டம் என்றால் லாபம் எங்கே? இரண்டாவது ஒப்பந்தத்தில். அப்படியானால் இரண்டாவது ஒப்பந்தம் வரும் என்று தோன்றுகிற பையனுக்குத்தான் நேரம், போன், கவனம். வராது என்று தெரிந்துவிட்ட பையன் ஒரு தோற்றுப்போன லாட்டரிச் சீட்டு. வீரர் சங்கம் சொல்லும் கணக்கில் ஒரு வீரரின் சராசரி ஆட்ட வாழ்க்கை 3.3 வருடம் (லீக் இதை மறுக்கும், இன்னும் அதிகம் என்று சொல்லும்). ரூக்கி ஒப்பந்தம் நாலு வருடம். பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒப்பந்தமே கடைசி ஒப்பந்தம். அவர்களுடைய மொத்தத் தொழில் வாழ்க்கையும் ஏஜெண்டுக்கு வெறும் முன்பணம்.

தலைப்புச் செய்திக்காகப் போட்ட ஒப்பந்தங்களும் உண்டு. 1999இல் ரிக்கி வில்லியம்ஸை எடுப்பதற்காக நியூ ஆர்லியன்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா அந்த வருட டிராஃப்டில் தன்னிடம் இருந்த எல்லாத் தேர்வுகளையும் கொடுத்தார். வில்லியம்ஸுக்காகப் பேசியது ராப் பாடகர் மாஸ்டர் பியின் புது ஏஜென்சி. பத்திரிகையில் வந்த எண் 6.8 கோடி டாலர். உள்ளே பார்த்தால் சுமார் 88 லட்சம் போனஸ், குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளம், மிச்சமெல்லாம் அசுர சாதனை செய்தால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகை. வில்லியம்ஸே அதை விரும்பினார் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம், இளம் வயது. தன்னால் முடியாதது எதுவுமில்லை என்று நம்புகிற வயதில் ஒருவன் வரும்போது, "தம்பி, வேண்டாம்" என்று சொல்லத்தானே பக்கத்தில் ஒரு ஆள்?

2018 டிராஃப்டில் லாமார் ஜாக்சன் ஏஜெண்ட் இல்லாமல் வந்தார். அம்மாதான் மேனேஜர். எவ்வளவு கேலி! முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவதாக, பால்டிமோர் எடுத்தது. நாலு வருடத்துக்கு சுமார் 95 லட்சம் டாலர். ஏஜெண்ட் இருந்திருந்தாலும் அந்த நாற்காலிக்கு அதேதான். 3 சதவீதம் மிச்சம். 2023இல் இரண்டாவது ஒப்பந்தத்துக்கு அவரே பேசினார். அணியை மாற்றுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்கும் அளவுக்கு அசிங்கமாகப் போய், பிறகு ஐந்து வருடத்துக்கு 26 கோடி டாலரில் முடிந்தது. ஏஜெண்ட் இருந்திருந்தால் அந்த அசிங்கம் குறைந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதே வருட ஜனவரியில் அதே பால்டிமோரில் ரோக்வான் ஸ்மித்தும் ஏஜெண்ட் இல்லாமலே 10 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். 29 நாள் முகாமைத் தவறவிட்ட அதே ஸ்மித்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. எல்லாருக்கும் ஸ்மித்தின் தலை இல்லை, ஜாக்சனின் கை இல்லை. அதனால் ஏஜெண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டவணைப் பணத்தின்மேல் சதவீதம் வாங்குவதைச் சங்கம் தடை செய்யட்டும். பையன் மணிக்கணக்குக்கு ஒரு வக்கீலை வைத்து அந்த மூன்று நாலு வரிகளைப் படிக்கச் சொல்லட்டும், சில ஆயிரம் டாலர் வேலை. தன்னிடம் அந்த அணியில் வேறு யார் யார் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து வருமானம் எவ்வளவு என்று ஏஜெண்ட் எழுதிக் கொடுக்கட்டும். சிம்ஸுக்கு முதலாளி யார் என்று தெரிந்திருந்தது, எண்கள்தான் தெரியவில்லை. அதனால் எண்களோடு எழுதிக் கொடுக்கட்டும்.

இதெல்லாம் டிராஃப்டில் பெயர் வந்தவர்களுக்கு. கடைசியாக ஒரு இடம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏழாம் சுற்று முடிந்ததும் டிவிக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்போதுதான் பெயர் வராத பையன்களுக்கு போன் வர ஆரம்பிக்கும். வேடிக்கை என்னவென்றால், ரூக்கிகளில் அவர்கள் மட்டும்தான் சுதந்திரமானவர்கள். எந்த அணியோடும் பேசலாம். போனஸுக்கு அணிவாரியாக வரம்பு உண்டு, ஆகவே பணத்தைவிட எந்த அணி என்பதுதான் முக்கியம்: எங்கே அவன் ஆடுகிற இடத்தில் ஆள் குறைவு, எங்கே ஆகஸ்டில் வெட்டமாட்டார்கள். ஒரு பையனின் முழு வாழ்க்கையும் அந்தத் தேர்வில் இருக்கிறது. அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள், நீண்டால் ஒரு மணி நேரம். ஐந்து அணிகளிலிருந்து போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு அணியின் ஜெனரல் மேனேஜருக்கு இந்த ஏஜெண்ட் போன மாதம்தான் ஒரு உதவி கேட்டிருக்கிறார். இன்னொரு அணியில் அவருடைய வேறொரு பையன் இதே இடத்துக்குப் போட்டியில் இருக்கிறான். ஐந்து போனும் ஏஜெண்டுக்குத்தான் வரும். பையன் அம்மா வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒரே ஒரு போனுக்காகக் காத்திருப்பான்.